நாற்பதிலிருந்து ஐம்பதுக்கு

விளாங்குடியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் இன்று காத்திருந்தபோது, சால்டரிங் கம்பியின் நுனியிலிருந்து அந்தப் புகை எழுந்தது. கொஞ்சம் இனிப்பாய், மூக்குக்குள் குத்தும் புகை. பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உன் முகம் வந்துவிட்டது. நீ போய் நான்கு மாதம் ஆகிறது.

பழங்காநத்தத்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் அந்தக் கடையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இருந்த ஒரே கம்ப்யூட்டர், ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டியது. ஒரு பிள்ளையார் படம் திரையில் வந்து முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். உன்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. பெட்டியைத் திறந்தாய். உள்ளே சர்க்யூட் பலகையில் சின்னச் சின்ன ஊசிகள் நின்றன. அவற்றில் மாட்டியிருந்த அரிசியளவுத் தொப்பியை இடம் மாற்றினால் வேகம் கூடும் என்று ஒரு பழைய கையேட்டில் படித்திருந்தாய். முப்பத்துமூன்று மெகாஹெர்ட்சில் ஓடியதை நாற்பதுக்கு ஏற்றினாய். சூடு தணிய, செத்துப்போன ஆம்ப்ளிஃபயரிலிருந்து அலுமினியத் தகட்டை அறுத்தெடுத்து சிப்பின் மேல் பொருத்தி, அதன்மேல் குட்டி விசிறி வைத்து, ஒயர்களை நீயே சால்டரிங் கம்பியால் பற்றவைத்தாய்.

"இதுக்கு மேல வேணாம்டி. மதுர வெயிலுக்கு நாப்பதே சாஸ்தி" என்றாய்.

"நம்ம கடைக்கு மூளையே இந்தப் புள்ளதான்" என்று கடைக்கார அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டர்களும் உன்னைத் தேடி வந்தன. அடுத்த மாதத்திலிருந்து டைப் அடிக்க வேண்டாம், பழுது பார்க்கும் மேசை உனக்குத்தான் என்றார். உங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் அம்மாவிடம் போனில் அதைச் சொல்லிச் சிரித்தாய். ஒரு சொல்லும் புரியாமலே எனக்கு வயிறு எரிந்தது.

சித்தி மகள் கல்யாணத்துக்கு நீ லீவு போட்டிருந்தாய். அண்ணன் சாப்பிடப் போனதும் தொப்பியைக் கழற்றி ஐம்பதில் மாட்டினேன். உன்னைவிட ஒரு படி மேலே போய்க் காட்ட வேண்டும். வேறு எண்ணமே இல்லை. படங்கள் பாய்ந்து வந்தன. பிறகு திரை உறைந்தது. பிறகு கருகல் வாசம். அண்ணன் திரும்பியபோது, "தானா நின்னுருச்சுண்ணே" என்றேன்.

மறுநாள் நீ பெட்டியைத் திறந்தாய். தொப்பி இருந்த இடத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் குனிவதற்குள் உன் விரல் அதைப் பழையபடி நாற்பதுக்கு மாற்றிவிட்டது.

"சூடு தாங்கலண்ணே" என்றாய்.

"அம்புட்டு நம்பி விட்டேன். பொம்பளப்புள்ள கையில மிஷினக் குடுத்தது என் தப்பு. நாளையிலருந்து வரவேணாம்."

நான்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? அதைவிட நெடுநேரம் நீ நின்றாய், எனக்காக. பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்டி" என்றாய். செய்தி பரவிவிட்டது. அதன்பின் எந்தக் கடையும் உன்னைப் பெட்டி திறக்க விடவில்லை. ஜவுளிக்கடையில் பில் போடப் போனாய்.

பல வருடம் கழித்து சோழவந்தான் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். உன் நிறுத்தம் வரும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "அம்பதுல எம்புட்டு நேரம்டி ஓடுச்சு?"

உன் கண்ணில் கோபமே இல்லை. பெட்டியை முதன்முதலாகத் திறந்த நாளில் இருந்த அதே ஆசைதான் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, "எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். நீ தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

நீ இறந்த செய்தி கேட்டு உன் வீட்டுக்குப் போனேன். "நீங்கதானா அது? உங்களப் பத்தி நல்லாச் சொல்லுவாளே" என்றார் உன் கணவர். அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

உனக்குச் சேர வேண்டிய பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. இருபத்திரண்டு நிமிடம்டி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பாதி நேரத்திலேயே பெட்டியின் மேல் கை வைக்க முடியவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம். அண்ணன் வந்து அந்த வேகத்தைப் பார்க்கட்டும் என்று ஓடவிட்டேன்.