காயவைத்த படகு

மாசி 20. வெயில். காற்றே இல்லை.

படகைக் கிளிஞ்சல் மேட்டிலிருந்து இழுத்தாயிற்று. ஆறு பேர் வந்தார்கள், கூலி டீயோடு சரி. "வர்றானா உன் வூட்டுக்காரன்?" என்று ஒருத்தர். படகு ஓடினால் வருவார் என்றேன். மங்களூருக்குக் கிளம்பும்போது அப்படித்தானே சொன்னார்: "படகு மட்டும் ஓடிச்சுன்னா நான் ஏன் ஊர வுட்டுப் போறேன்?" மூன்று வருஷமாகிறது.

அடியில் இருந்தவை: எலி வளை, அறுந்த வலை, ஒற்றைச் செருப்பு. செருப்பு அவருடையது இல்லை. ஆனாலும் எறியவில்லை.

வாங்க: பஞ்சு, குங்கிலியம், உப்புத்தாள், நீல பெயின்ட். குங்கிலியத்தை எதில் காய்ச்சுவது? யாரைக் கேட்க?

மாசி 22. காலையில் பனி, பிறகு வெயில்.

படகு மோட்டாரை ஷேர் ஆட்டோவில் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் பாய் திறந்து பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, உள்ள குளவி குடித்தனம் நடத்துது. வுட்டுட்டுப் போ, பாக்கறேன்."

திரும்பும்போது காரில் ஒரு ஜோடி. டச்சுக்காரன் கல்லறை எங்கே என்றார்கள். கையைக் காட்டினாலே போதும், வாசல் வரை கூடவே நடந்தேன். இன்று என்னிடம் பேசியது பாயும் இவர்களும்தான்.

சோறு மிஞ்சிவிட்டது. ஒரு ஆளுக்கு ஆக்க இன்னும் வரவில்லை.

மாசி 25. நல்ல வெயில்.

படகைக் காயப்போட்டிருக்கிறேன். திருப்பாலைவனத்தில் எங்கள் வீட்டில் எதை எடுத்து வைத்தாலும் முதலில் காயவைப்போம். நெல், மிளகாய், விறகு. மரத்துக்கும் அதுதானே நியாயம்? நல்ல மொட்டை வெயிலில் தினமும் ஒரு பக்கம்.

பக்கத்து வீட்டு நாகம்மா வாசலில் நின்று பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள், சொல்லவில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக இந்தக் குப்பத்தில் நான் 'பாலைவனத்துக்காரி'தான். பேர் தெரியுமோ என்னவோ.

பங்குனி 1. வெயில். வெயில்.

தட்டினால் கணீரென்கிறது. இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்து, குங்கிலியம் பூசி, பெயின்டும் முடிந்தது. கையெல்லாம் நீலம். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையில் இருப்பார்.

பங்குனி 4. மப்பு.

மானம் போனது. படகை ஏரியில் இறக்கினால் முழங்கால் தண்ணீரில்கூட நிற்கவில்லை. பலகைக்குப் பலகை தண்ணீர் பீய்ச்சியது. நான் அடைத்த பஞ்சு எல்லாம் மிதந்து வந்தது. கரையே சிரித்தது, நாகம்மா எல்லோரையும்விட அதிகமாக.

"இன்னாமே, நெல்லுனு நென்ச்சிக்கினியா? காஞ்சா பலக சுருங்கிப் பூடும்மே! தண்ணியிலயே முழுகடிச்சு வையி. குடிச்சு ஊதினா தன்னால மூடிக்கும்."

"அன்னைக்கே சொல்லக் கூடாதாக்கா?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். படகை அமிழ்த்த அவளே இறங்கி மணல் மூட்டை தூக்கி வைத்தாள். பிறகு என் வீட்டுக்குள் வந்து டீ குடித்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கால் உடைந்து படுக்கையாம். நண்டு வலை சும்மா கிடக்கிறதாம். போகும்போது என் பேர் கேட்டாள்.

பங்குனி 8. காற்று.

படகு தண்ணீருக்கடியில். மூக்கு மட்டும் தெரிகிறது. வேலை இல்லாவிட்டாலும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். செலவழித்துப் பெயின்ட் அடித்து முழுகடித்தவள் என்று ஊரில் பேச்சு.

பங்குனி 13. தெளிந்த வானம்.

மூட்டைகளை எடுத்தோம். தண்ணீரை இறைத்தோம். காத்திருந்தோம். அடியில் கசிவில்லை! நாலு இடத்தில் மட்டும் புதுப் பஞ்சு. பாய் மோட்டாரைத் தந்துவிட்டார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன பிறகு படபடவென்று பிடித்தது. கத்திவிட்டேன்.

உடனே அவருக்குப் போன். எடுத்தார். ஓடுதுங்க, எப்ப வர்றீங்க என்றேன்.

 அவர், "ஏரியில இன்னா கீது இப்போ? வர்ற வெலைக்குத் தள்ளிவுடு."

"படகு ஓடினா வர்றேன்னீங்களே."

"அது அப்போ சொன்னது."

வைத்துவிட்டார். படகுதான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சரிபண்ணினால் அவர் வருவார் என்று நிஜமாகவே நம்பினேன். முட்டாள். உலை வைக்கவில்லை. அழுதேன்.

பங்குனி 14. லேசான காற்று.

விடியும்போதே நாகம்மா, வலையோடு. முகத்தைப் பார்த்தாள். வலையைப் படகில் போட்டாள். "ஏறு. வலைய நான் பாத்துக்கறேன். மோட்டார புடிச்சுக்க உனக்குத்தான் தெரியும்."

எனக்கென்ன தெரியும்? ஒருமுறை வட்டம் அடித்தேன். ஒருமுறை மணலில் ஏற்றினேன். அவள் திட்டிக்கொண்டே இறங்கித் தள்ளினாள். அப்புறம் நேராகப் போயிற்று. கரை சின்னதானது. பயமாக இருந்தது, தனியாகவும் இருந்தது, அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தும்.

வலை விடும் நேரத்தில் இடுப்பில் போன் அடித்தது. அவராகத்தான் இருக்கும், வேறு யார் கூப்பிடப்போகிறார்கள். மோட்டார் கைப்பிடியை விட்டால் படகு திரும்பி வலையில் ஏறிவிடும். அடித்து ஓய்கிறவரை பிடித்துக்கொண்டே இருந்தேன்.