போஸத்துக்கு ஏப்ரன் கிடையாது

கேர்ன் ஃபிளாட், ஒடாகோ
பிப்ரவரி 11, செவ்வாய்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மழைக்கு முந்தி முழங்கால் மட்டும் வலித்துச் சொல்லிவிட்டுப் போகிறது. வெலிங்டன் காற்றில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் செய்தி வந்தது. சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் அந்தப் பாடம் செய்த போஸத்தை வைக்காதே, அப்பா விட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குக் காகிதத்தில் பதில் எழுதுகிறேன். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் அப்பா போனதும் சாப்பாட்டு மேசை காலியானது, அவ்வளவுதான்.

அந்த மேசையில்தான் அது ஏழு வாரம் இருந்தது. நம் பிளம் மரத்தை மொட்டையடித்துவிட்டு என் பொறியில் மாட்டிய, பூனை அளவு போஸம். தோலை உரித்துப் பதப்படுத்தி, கடையில் வாங்கிய நுரைப்பஞ்சு உடம்பின் மேல் மாட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். கஷ்டமே அதற்கப்புறம்தான். காயும்போது காது சுருண்டுவிடாமல் அட்டை வைத்துக் குண்டூசி குத்த வேண்டும். மூன்று வாரம் கை வைக்கக் கூடாது. காய்ந்ததும் மூக்கு வெளுத்துப்போகும். சாயம் பூசினால்தான் உயிர்க்களை வரும். நான் அவசரப்பட்டு ஒரே பூச்சாக அப்பிவிட்டேன். பக்கத்துப் பண்ணை முர்ரே பார்த்துவிட்டு, "என்ன மார்னி, இதுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். முழுவதையும் துடைத்துவிட்டு, மெல்லிசாக ஆறு பூச்சு பூசினேன். பழைய பல் பிரஷ்ஷால் ரோமத்தை அது வளர்ந்த போக்கிலேயே வாரினேன். இப்போது கிளையில் உட்கார்ந்துகொண்டு, பிளம் மரம் தன்னுடையது என்பது போல என்னைப் பார்க்கிறது.

போன வாரம் கண்காட்சிக் குழுவின் காலீன் வந்தாள். கையில் ஒரு குட்டிச் சமையல் ஏப்ரனும் பின்னல் தொப்பியும். "இதை மாட்டிவிடு மார்னி, வேடிக்கைப் பிரிவுல வச்சிடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போட்டியில செத்த போஸத்துக்குக் கவுன் போட்டு வைக்கறதில்லையா? பரிசு ரிப்பன் உனக்குத்தான்" என்றாள்.

உன்னிடம் மறைப்பானேன், அவள் போனதும் மாட்டிப் பார்த்தேன். நெஞ்சு ரோமம் எல்லாம் நசுங்கி, போஸம் அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தது. முப்பது வருஷமாக ஒவ்வொரு கண்காட்சியிலும் தேநீர்க் கூடத்தில் நான் நின்ற கோலம் அதுதான் கிர்ஸ்டன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவிழ்த்துப் போட்டுவிட்டு, ரோமத்தை மறுபடி நிமிர்த்த ஒரு மணி நேரம் வாரினேன்.

இன்று காலை கண்காட்சிப் பொருள்களை வாங்கிவைக்க மண்டபம் திறந்ததும் நானே கொண்டுபோய், கைவினை மேசையில் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். வெயில் பட்டால் ரோமம் வெளிறிவிடும் என்பதால் ஜன்னல் பக்கம் வைக்கவில்லை. காலீன் ஓடி வந்து, "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். "நினைக்கட்டும். இதை எடுத்தா சனிக்கிழமை தேநீரை நீயே போட்டுக்கோ, ஸ்கோன் ரொட்டியையும் நீயே சுட்டுக்கோ" என்றேன். முந்நூறு பேருக்குத் தேநீர் போடுவதை நினைத்திருப்பாள் போல. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அட்டையில் 'போஸம். செய்தவர்: மார்னி டால்கிலீஷ்' என்று எழுதியிருக்கிறேன். ஆமாம், என் அப்பா வீட்டுப் பெயர்தான். நீ அங்கே வந்து திடுக்கிடக் கூடாது என்று இப்போதே சொல்கிறேன்.

எனவே போஸத்தை அங்கிருந்து எடுக்க மாட்டேன். உனக்காகக்கூட மாட்டேன்.

சனிக்கிழமை வா. உன் அப்பாவும் அவர் இப்போது சேர்ந்து வாழும் ஜெனட்டும் வருகிறார்களாம். நீ யாரோடு வேண்டுமானாலும் மதியம் சாப்பிடு, நான் எதுவும் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். போஸத்தைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வந்தால், அவர்கள் பக்கம் நின்று சிரிக்காதே. என் பக்கத்தில் வந்து நின்று சிரி.

எப்போதும் உன் நலமே நாடும்,
அம்மா