லேபிள் கிழிந்த கேன்

செவ்வாய்க்கிழமை, இரவு

அண்ணனோடு இன்று சண்டை. கோபம் இன்னும் அடங்கவில்லை.

நான் வேலை பார்க்கும் குப்பைக் கூடத்தில் தனியாகக் குப்பை பிரித்துக்கொண்டிருந்தேன். நெல்லிவாசல் தோட்டங்கள் பக்கத்திலிருந்து வந்த மூட்டையில் ஒரு வெள்ளைக் கேன் இருந்தது. லேபிள் கிழிந்திருந்தது, அடியில் ஏதோ கொஞ்சம் தேங்கியிருந்தது. மூடியைத் திறக்காமல், கையுறையோடு தூக்கி, விஷப் பொருள் வைக்கும் அறையில் நிமிர்த்தி வைத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான்.

"தேன் ஊத்த கேன் இல்ல. அதக் குடு, கழுவிக்கிறேன்."

"பூச்சி மருந்து கேனா இருக்கும்ணா. தர மாட்டேன்."

"இருக்குமா? இன்னான்னு உனக்கே தெரியல! மோந்து பாரு, தெரிஞ்சிடும்."

"தெரியாததாலதான் தர மாட்டேன். மோந்தும் பாக்க மாட்டேன். எத்தினி வாட்டி கழுவுனாலும் அதுல தேன் ஊத்தக் கூடாது."

அவன் உள்ளே நுழையப் பார்த்தான். நான் கதவைப் பூட்டிவிட்டுக் குறுக்கே நின்றேன்.

"கூடப் பொறந்தவனுக்கு ஒரு காலி கேன் தர மாட்டியா? இனிமே என் வூட்டுப் பக்கம் வராத!" என்று கத்திவிட்டுப் போனான்.

அதில் தேன் ஊற்றியிருந்தால், முதலில் விரல்விட்டு நக்கியிருப்பது அவன் மகள்தான். அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காதுகுத்து. வராதே என்றால் அத்தைக்காரி நான் போகாமல் இருந்துவிடுவேனா? போவேன். எல்லார் முன்னாலும் திட்டுவான். திட்டட்டும். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.