தொடங்கிய வயது

மாடம்பாக்கம்
4.6.2025

அன்புள்ள அண்ணா,

இங்கு நலம். அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? போனில் பேசினால் இவர் காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

ஆபரேஷன் செய்தால் என் வலிப்பு நிற்க எவ்வளவு வாய்ப்பு என்று நேற்று டாக்டர் சொன்னார். என் மூளை ஸ்கேனையும் மற்ற விவரங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு, முன்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டார்களாம். என்னைப் போன்ற நூறு பேரில் எழுபத்திரண்டு பேருக்கு நின்றுவிடுமாம். இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் டாக்டர் கொடுத்த தாளைப் படித்துப் பார்த்தேன்.

அந்தத் தாளில் நோய் தொடங்கிய வயது 26 என்று இருக்கிறது. எனக்குக் கல்யாணமான வயது அது. நான் ஸ்கேன் அறையில் படுத்திருந்தபோது வெளியே நீதானே ஃபாரம் நிரப்பினாய்? நான் முதன்முதலில் விழுந்தது ஒன்பது வயதில் என்று உனக்குத் தெரியாதா?

உன் தங்கை,
சுபத்ரா

படப்பை
9.6.2025

சுபத்ரா கண்ணுக்கு,

அண்ணன் எழுதுவது. எல்லோரும் சுகம். ஆஸ்பத்திரியில் டைப் அடித்தவன் தப்பாக அடித்திருப்பான். அதைப் போய்க் கிளறாதே. ஸ்கேன் என்ன பொய்யா சொல்லும்? பேசாமல் கையெழுத்துப் போடு.

பெண் பார்க்க வந்தபோது நாங்கள் இதைச் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. இப்போது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் சும்மா விடுவார்களா? குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் அன்று நானே வந்து டாக்டரிடம் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிவகுமார்

மாடம்பாக்கம்
16.6.2025

அண்ணா,

டைப் அடித்தவன் மேல் பழி போடாதே. ஃபாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உன் கையெழுத்துதான். அந்த 26-ஐ நன்றாக அழுத்தியே எழுதியிருக்கிறாய்.

இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். நோய் பழசாகப் பழசாக வாய்ப்பு குறையுமாம்; பதினேழு வருஷம் கூடியதும் எழுபத்திரண்டு நாற்பத்தெட்டாகிவிட்டது. ஸ்கேன் அதேதான்.

இவரோடு வீட்டுக்குக் கிளம்பினேன். கேம்ப் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அண்ணனும் தங்கச்சியும் சேந்து இன்னும் இன்னா இன்னா மறைச்சிகினு கீறீங்க?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நம்பவில்லை. நம்பும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லையே. இப்போதெல்லாம் நான் மாத்திரை போடும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார்.

நாற்பத்தெட்டானாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வரும் 26ஆம் தேதி, வியாழக்கிழமை ஆபரேஷன்.

என் மேலுள்ள பாசத்தில்தான் செய்தாய், தெரியும். கோபம்கூட அவ்வளவாக இல்லை. ஆனால் அன்றைக்கு நீ வராதே. நான் மயக்கத்தில் கிடக்கும்போது டாக்டர் வெளியே வந்து ஏதாவது கேட்பார். நீ பதில் சொல்லிவிடுவாய். ஆபரேஷனைவிட எனக்கு அதுதான் பயம்.

சுபத்ரா