மேல்கைக் குறுகுறுப்பு

ஆகஸ்ட் 12, 1996

என் பெண்சாதி தேவானை இன்றும் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. சாயந்திரம் குல்சும் வந்து ஊட்டினதும் மடக்கு மடக்காக முழுக்கக் குடித்தாள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு குல்சும் எழுதுகிறாள். எட்டாவது வரை படித்தவள். தி.நகரில் வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து உட்காருகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுதணும், அழகு பண்ணக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "ஊரு பேரு மெட்ராஸ்னு போடவா, இப்ப சொல்றாங்களே சென்னைன்னு, அத்தப் போடவா நைனா?" என்கிறாள். எதையாவது போடு. கோட்டூர்புரம் ஆத்தோரத்துக் குடிசை அங்கேயேதான் இருக்கிறது.

தேவானை ஏன் வாயை மூடுகிறாள் என்று எனக்குத் தெரியும். வாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை, வலப்பக்கம் விழுந்துவிட்டது. பகலில் நான்தான் பார்க்கிறேன். அவளைக் கழுவிவிடுவது என் இடது கை. கஞ்சி கொடுப்பதும் அதே கை. எனக்கு இருப்பது அது ஒன்றுதானே. எத்தனை தடவை சோப்பு போட்டாலும் அவள் கண் அந்தக் கை மேலேயே நிற்கும்.

வலது கை சிந்தாதிரிப்பேட்டை அச்சாபீசில், காகிதம் வெட்டுகிற மிஷினில் போனது. எழுபத்தோராம் வருஷம், காலண்டர் வேலை மும்முரம். மணிக்கட்டோடு போச்சு.

ஆகஸ்ட் 20

ஆஸ்பத்திரியில் கட்டைக் கை மாட்டுகிற டாக்டர் சீட்டு கொடுத்து அடையாறில் ஒரு லேபுக்கு அனுப்பினார். அங்கே அனந்தராமன் என்று ஒரு இன்ஜினியர். மயிலாப்பூர்க்காரர். இரும்பு விரல், மேலே ரப்பர். என் மொட்டைக் கையில் மாட்டிவிட்டார். முன்கையை இறுக்கினால் விரல் மூடுகிறது, விட்டால் திறக்கிறது.

பிளாஸ்டிக் டம்ளரைப் பிடித்தேன், நசுங்கித் தண்ணீரெல்லாம் என் சட்டையில். சரி, மெதுவாக என்று எவர்சில்வர் டம்ளரைப் பிடித்தேன், நழுவிக் கீழே விழுந்தது.

"டம்ளரையே பார்த்துண்டு பண்ணணும் பெரியவரே."

"இதப் பாத்துக்கினு இருந்தா அவ தொண்டைய யாரு சார் பாக்குறது?"

விவரம் சொன்னேன். இடது கையால் அவள் கழுத்தைத் தூக்கிப் பிடிக்கணும், இந்தக் கையால் சாய்க்கணும். ஒரு மடக்கு இறங்கிச்சா என்று பார்த்துத்தான் அடுத்தது. இல்லாவிட்டால் புரை ஏறி மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார்.

அவர் விழுந்த டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். "அதுக்குத்தான் ஒண்ணு பண்ணிண்டிருக்கேன். முடிஞ்சதும் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

ஆகஸ்ட் 21

தேவானைக்குப் பகலில் தண்ணீர்கூட வேண்டாமாம். எலும்பு தெரிகிறது.

செப்டம்பர் 3

இன்று புதுசு. விரல் நுனியில் ஒரு சின்ன வில்லை ஒட்டியிருக்கிறார். பொருள் எவ்வளவு அழுந்துகிறது என்று அது கண்டுபிடிக்கும். என் மேல்கையில் ஒரு பட்டை. அதற்குள்ளே பேஜரில் இருக்குமே, சத்தம் போடாமல் உதறுகிற மோட்டார், அது. லேசாகப் பிடித்தால் எறும்பு ஊறுகிற மாதிரி, இறுக்கினால் வண்டு மாதிரி. பொருள் நழுவினால் விரல் தானே கொஞ்சம் இறுக்கிக்கொள்ளும், அதையும் சொல்லும். பேட்டரி இடுப்பில்.

"கண்ணை மூடிக்கோங்கோ" என்றார். மூடினேன். கையில் ஏதோ வைத்தார். குறுகுறு. கொஞ்சம் இறுக்கினேன். தூக்கினேன். கண்ணைத் திறந்தால் முட்டை. உடையவில்லை.

பஸ்ஸில் வரும்போது ஒரு ஞாபகம். கல்யாணமான வருஷம், மயிலாப்பூர் அறுபத்துமூவர் கூட்டம். தேவானை தவறிப்போய்விடுவாளோ என்று மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு பிடிக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி வளையல் எல்லாம் நொறுங்கிவிட்டது. ரத்தம். "புடின்னா இப்படியாய்யா புடிப்ப?" என்றாள். அப்புறமும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு நல்ல கை இரண்டும் இருந்தது.

செப்டம்பர் 17

கையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டேன். லேப் சாமானாயிற்றே என்று அனந்தராமன் தயங்கினார். அப்புறம் தனக்கு மேலே இருக்கிறவர்களிடம் பேசி வாங்கிக் கொடுத்துவிட்டார். திருப்பித் தரணும். குல்சும் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மாப்பிள்ளை கணக்கா கீற" என்றாள்.

செப்டம்பர் 18

கழுத்துக்கு அடியில் இடது கையைக் கொடுத்துத் தூக்கினேன். இரும்புக் கையில் கஞ்சி டம்ளர். தேவானை அந்தக் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பக் கையைப் பார்த்தாள். இதற்கும் வாயை மூடிக்கொண்டால் வேறே என்ன செய்வேன்?

திறந்தாள்.

லேபில் காய்ந்த டம்ளர். இங்கே கஞ்சி வழிந்து வழுக்கிவிட்டது. வண்டு ஒரு தடவை உதறியது, விரல் தானே இறுக்கிக்கொண்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. அடுத்தது. இறங்கியது.

அடி வரைக்கும் குடித்தாள்.

அக்டோபர் 6

கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. இப்போதெல்லாம் குடித்து முடித்ததும் அவளுடைய நல்ல கையால் இந்த இரும்பு விரலைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கும் மிச்சம் இடது கைதான். அவள் அழுத்தினால் என் மேல்கையில் குறுகுறு என்கிறது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் என்றால் இரண்டு அழுத்து. பக்கத்தில் இரு என்றால் விடாமல் ஒரே அழுத்து.

"வாய் கீறப்ப பேசாததெல்லாம் இப்பப் பேசிக்கினு கீறீங்க ரெண்டு பேரும்" என்றாள் குல்சும். இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

அக்டோபர் 22

மழை. குடிசைக்குள் ஈரம். தேவானைக்கு நெஞ்சில் சளி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? கேட்கவில்லை.

அக்டோபர் 29

குறுகுறுப்பு குறைந்துவிட்டது. லேபுக்குப் போய், "இத்தக் கொஞ்சம் ஏத்தி வைங்க சார்" என்றேன். திருகாணியைத் திருப்பினார். "இப்போ ரொம்ப லேசாத் தொட்டாலே தெரியும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் நன்றாகத் தெரிந்தது.

நவம்பர் 5

மறுபடியும் ஏற்றித் தரச் சொன்னேன். "இதுக்கு மேல ஏறாது பெரியவரே."

நவம்பர் 8

கஞ்சி இறங்கவில்லை. நாக்கை நனைக்கிறேன். விரலை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறாள். எறும்பு ஊறுகிறது.

நவம்பர் 9

விடிகாலையில் குறுகுறுப்பு நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும். குல்சுமை எழுப்பி, கடை திறந்ததும் புதுசு வாங்கி வா என்றேன்.

நவம்பர் 26

குல்சும், முதலில் விட்டதை எழுது.

அன்றைக்கு அவள் பேட்டரி வாங்கப் போகவில்லை. தேவானையின் விரலை என் இரும்பு விரலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

வாய்க்கரிசி போடும்போது தேவானையின் தம்பி வேலு, மிஷின் கையால் கூடாது, கழட்டு மாமா என்றான். கழட்டினேன். இடது கையாலும் கூடாது என்றான். வேறே கை எனக்கு எங்கே இருக்கிறது? இடது கையால்தான் போட்டேன். இந்தத் தடவை அவள் வாயை மூடவில்லை.

இன்று காரியமெல்லாம் முடிந்து லேபுக்குப் போனேன். கையை மாட்டிக்கொண்டே போனேன், வழியில் அடிபட்டுவிடக் கூடாதே என்று. பேட்டரி போய்விட்டது சார் என்றேன். அனந்தராமன் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரும்பு விரலைத் தன் விரலால் லேசாக அழுத்தினார். மேல்கையில் குறுகுறு என்றது.

"பேட்டரி நன்னாத்தானே இருக்கு. ஆத்துல சௌக்கியமா?"

இன்னொரு தடவை அழுத்துங்க சார் என்றேன். அழுத்தினார்.

கழட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.