மரை மாறிய துளைகள்

கோவளம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து

அன்பு மகன் தௌசிஃபுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் தங்கை ஃபைஸாவும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், நீ அந்த தோஹா ஊரில் வேளைக்குத் தின்று தூங்கி உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். நானும் ஃபைஸாவும் என்று எழுதும்போதே அத்தா பெயரை முன்னால் போடக் கை போகிறது, பழக்கம் விடவில்லை. பக்கத்து வீட்டு ஜெஸ்ஸியின் தம்பி லீவு முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன், கருவாடு வேண்டாம் என்றான், அதனால் ஊறுகாயும் மாசித் தூளும் மட்டும் வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுசும் பேசி முடித்துவிடுகிறாய், அத்தாவுடைய மெஷினை எல்லாம் விற்றுவிடு, ஃபைஸாவுக்கு மாப்பிள்ளை பார், பட்டறையைப் பூட்டு என்று. உன் பெரிய மாமியும் உனக்குப் போன் போட்டிருப்பார், உன் அம்மா புருஷன் போன இத்தாக் காலத்தில் வீட்டோடு இருக்காமல் வாசல் தாண்டிப் போனாள், ஆம்பளை பொம்பளை கலந்து துப்பாக்கி விளையாடும் இடத்துக்குப் போய் நின்றாள் என்று. அது உண்மைதான். போனேன். ஏன் போனேன் என்பதை நீ என் வாயால் கேட்க வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன், நடுவில் நீ குறுக்கே பேச முடியாது.

திருவிடந்தை தாண்டி இருக்கும் அந்த விளையாட்டு பார்க்குக்கு அத்தா சாயக்குண்டு அடித்து விளையாடும் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துக் கொடுத்ததெல்லாம் உனக்குத் தெரியும், துப்பாக்கி என்று சொல்லாதே மார்க்கர் என்று சொல் என்று ஃபைஸா என்னைத் திருத்துவாள், எனக்கு வாயில் வருவது துப்பாக்கிதான். அத்தா மவுத்தாகும் முன்னால் பார்க் மேனேஜர் பாலசுப்ரமணியன் ஒரு வேலை சொல்லியிருந்தார். காற்று பாட்டில் துப்பாக்கியோடு சேர்ந்திருப்பதால் பிள்ளைகளுக்குக் கனம் தாங்கவில்லை, பாட்டிலை இடுப்புப் பட்டையில் கட்டிவிட்டு அங்கிருந்து ஓஸ் போட்டுத் துப்பாக்கிக்குக் காற்று கொடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு துப்பாக்கியின் அடியிலும் ட்ரில்லால் துளை போட்டு, துளைக்குள் டேப் என்கிற எஃகுக் கருவியால் மரை வெட்டி, ஓஸ் மாட்டுகிற எல்போ என்கிற வளைந்த குழாய்த் துண்டைத் திருகி ஏற்ற வேண்டும். அந்த எல்போ எல்லாம் அமெரிக்கச் சரக்கு, அத்தா யாரிடமோ சொல்லி வரவழைத்தது, அதற்கு ஏற்ற டேப்பும் கூடவே வந்தது. பாதி வேலையில் அவர் போய்விட்டார். மீதியை ஃபைஸா எடுத்துச் செய்தாள். நான் தடுக்கவில்லை, தடுத்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய், ஆனால் பட்டறையில் ட்ரில் சத்தம் கேட்டால்தான் எனக்கு அந்தக் கொஞ்ச நேரமாவது வீட்டில் ஆள் இருப்பதுபோல இருந்தது. அடுப்படியில் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் பாட்டில் எப்போதும் பட்டறைக்குப் போய்விடும், காற்று எங்கே கசிகிறது, குமிழி வருகிறதா என்று பார்க்க அத்தா எடுத்துப் போவார், நான் சத்தம் போடுவேன். அவர் போன பிறகு அந்த பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்காமல் நான் அடுப்படிக்குள் போகவே தயங்கிக்கொண்டிருந்தேன். ஃபைஸா எடுத்துப் போன அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அப்புறம் அந்த டேப் ஒரு துளைக்குள் சிக்கி உடைந்தது. இவள் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் அரைக்கால் இஞ்சு குழாய் டேப் வாங்கி வந்தாள். அளவு அதுதானா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள், எல்லாம் ஒண்ணுதாம்மா என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் மேல் தப்பு இல்லை, நம் ஊரில் தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மரை அதுதான், அவர் பார்த்தது அதுதான். பெயரில் இரண்டும் அரைக்கால் இஞ்சு, கண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, ஆனால் அமெரிக்காக்காரன் மரை ஓர் இஞ்சுக்கு ஒரு சுற்று குறைவாம். இங்கே வெட்டிய துளையில் அந்த எல்போவைத் திருகினால் கொஞ்சம் ஏறும், பிறகு இறுகும், நல்லா பிடிச்சுக்கிச்சு என்றுதான் தோன்றும். அது பிடித்ததே இல்லை, மரையை நசுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலே குழாய்க்காரர்கள் சுற்றுகிற வெள்ளை டெஃப்லானை வேறு கெட்டியாகச் சுற்றிவிட்டாள். காற்று ஏற்றினாள், சோப்புத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு குமிழி வரவில்லை. போட்டதை எல்லாம் பார்க்குக்கு அனுப்பிவிட்டாள், ஒன்று மட்டும் இங்கே தங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஒன்றுக்குக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தேன், எனக்குத் துணைக்கு வந்திருக்கும் மாமி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம், தகரத்தில் கல் விழுந்த சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னை எழுப்பியது. முக்காடு எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, பின்கட்டு தாண்டி ஓடினேன். எல்போ பிய்த்துக்கொண்டு போய் அவள் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டுக் கூரைத் தகரத்தை நசுக்கிக் கீழே விழுந்திருந்தது. மகனே, கண்ணுக்கும் அந்தக் காயத்துக்கும் நடுவில் என் சுண்டு விரல் வைக்கத்தான் இடம். ஜெஸ்ஸி ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனாள். நானும் ஏறப் போனேன், இத்தா முடிய இன்னும் நாள் இருக்கு, நீ எங்க கிளம்புற என்று மாமி கையைப் பிடித்துக்கொண்டார், நான் நின்றுவிட்டேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருந்து அவள் போன் செய்தாள். தையல் போடுகிறார்கள், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பறந்துபோன எல்போவை எடுத்துக் கையிலேயே பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள், அதன் மரை சீவிவிட்டதுபோல மழுங்கி இருக்கிறதாம். "அம்மா, மரை வேறம்மா. பார்க்ல கீறதுல நான் அனுப்புனது எல்லாம் இதே டேப்புல போட்டதுதான். மேனேஜர் போன எடுக்கல" என்றாள். அன்றைக்கு ஏதோ கம்பெனி பிள்ளைகள் கூட்டமாக வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும்.

நானும் மேனேஜருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், எடுத்தார், எடுத்துவிட்டு, நேத்து பூரா காத்து நின்னுகினு இருந்துச்சு, ஒரு புஸ்ஸு சத்தம் கூட இல்ல, பயப்படாதீங்க என்று வைத்துவிட்டார். நான் புர்காவை மாட்டினேன். மாமி வாசலில் குறுக்கே நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "என் தம்பி கபுர் மண்ணு காயல, நீ துப்பாக்கி வெளையாட்டு பார்க்கப் போறியா?" நான் அவருக்குப் பக்கவாட்டில் புகுந்து வெளியே வந்துவிட்டேன். ஆட்டோக்காரர் மகாபலிபுரமா அம்மா, சுத்திப் பார்க்கவா என்றார். ஆமாம் என்று சொல்லி ஏறினேன், விளக்கம் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. இத்தனை நாளாக வெளியே பார்க்காத கடலும் வெயிலும் கண்ணைக் குத்தின, சாலையில் எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. வழியில் பார்க் வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன், வாட்ச்மேன் டிக்கெட் கேட்டார், நான் நடந்துகொண்டே இருந்தேன். ஆடுகிற இடத்தைச் சுற்றிக் கட்டிய வலைக்குள் போய்விட்டேன் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை, எங்கிருந்தோ ஒரு மஞ்சள் குண்டு வந்து இடுப்பில் பட்டு உடைந்தது, முகமூடி போட்ட ஒரு பையன் ஓடி வந்து சாரி ஆன்ட்டி, நீங்க எந்த டீம் என்றான். பாலசுப்ரமணியன் விசில் ஊதிக்கொண்டே வந்தார். "இன்னாம்மா, நீங்க வெளிய வரக் கூடாதுன்னு சொன்னாங்க, இங்க வந்து நிக்கிறீங்க?" என்றார். காத்தை மூடு, அப்புறம் பேசு என்றேன். அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். நான் என் கையைக் காட்டினேன், காயத்தைப் பொத்தியபோது பட்ட ஃபைஸாவின் இரத்தம் நகக்கண்ணில் அப்படியே இருந்தது, கழுவவில்லை. அங்கே நின்ற ஒரு பெண் பிள்ளை அதைப் பார்த்ததும் தன் இடுப்பில் இருந்த பாட்டிலை மூடிவிட்டு, எல்லாரையும் மூடச் சொல்லிக் கத்தினாள். காற்றை இறக்கிவிட்டு மேனேஜர் ஒரு துப்பாக்கியை வாங்கி அந்த எல்போவை விரலால் திருப்பிப் பார்த்தார். விரலுக்கே வந்துவிட்டது, தௌசிஃப். ஸ்பானர் வேண்டியிருக்கவில்லை. பிறகு எனக்கு நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை, மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மாமி என் புர்காவில் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், திட்டியிருந்தால் தேவலை. பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டில் இருந்து அவருடைய பீவி வந்து, உயிர் காக்கப் போனதில் குற்றம் இல்லை என்று ஹஜ்ரத் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார், மாமிக்கு அது காதில் ஏறவில்லை. எனக்கும் மனசு நிலையாக இல்லை, குற்றம் இல்லை என்று தெரிந்தும் படுத்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை, மிக்ஸி ஓடினால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. ஃபைஸா இரண்டு மூன்று நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், உன் பேச்சே நடந்துவிட்டது என்று. பிறகு மேனேஜர் துப்பாக்கிகளை எல்லாம் கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து வாசல் திரைக்கு வெளியே நின்று பேசினார். பார்க் முதலாளி கோபமாக இருக்கிறார், பொங்கல் லீவுக்குள் சரியாகப் போட்டுக் கொடுத்தால் வைத்துக்கொள்வார், இல்லையென்றால் வேறு ஊரில் புதிதாக வாங்கிக்கொள்வார், நான் உங்க வூட்டுக்காரருக்காக கேட்டு வாங்கின தவணைம்மா என்றார். அவர் போன பிறகு, விட்டுவிடு கண்ணே, வேண்டாம், உன் அண்ணன் சொல்வது சரி என்று நான்தான் சொன்னேன். அவள் கோணியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தா பக்கத்துல நிக்கும்போது எனக்கு பயமே இல்ல. இப்பதான் பயமா கீது. பயந்துகினேதாம்மா செய்வேன், அது நல்லதுதான். நீ நிறுத்தச் சொல்லாத." அத்தாவை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட என் முன்னால் அழாத பிள்ளை அதைச் சொல்லும்போது அழுதாள்.

அதனால் மகனே, நீ மெஷினை விற்கச் சொல்லாதே, மாமியிடமும் எதிர்த்துப் பேசாதே, கேட்டுக்கொண்டு சரி மாமி என்று வைத்துவிடு, அவருக்கும் தம்பி போன துக்கம், யார் மேல் காட்டுவார். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், அங்கே கடையில் அமெரிக்க மரை டேப் கேட்டு வாங்கு, என்ன கேட்க வேண்டும் என்று ஃபைஸா உனக்கு போட்டோ அனுப்புவாள், எல்லாம் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடு. பழைய துளைகள் உதவாது, அவற்றைப் பெரிதாக்கி உள்ளே புஷ் என்கிற பித்தளை வளையம் வைத்து அதில் புது மரை வெட்ட வேண்டுமாம், பொறுமையான வேலை, செய்கிறேன் என்கிறாள். குளிர் காலம், இரவில் தலையை நனைக்காதே, ரூமில் இருக்கிற பையன்களோடு சண்டை போடாதே, ஃபஜ்ர் தொழுகையை விட்டுவிடாதே. அத்தாவுக்காக யாசீன் ஓது, நீ ஓதினால் அவருக்குச் சேரும்போது எனக்கும் இங்கே மனசு ஆறும். அல்லாஹ் உன் கைகால்களுக்கும் கண்ணுக்கும் காவலாக இருக்கட்டும், உன் ரிஸ்கில், உன் வருமானத்தில் பரக்கத் செய்யட்டும், ஆமீன். இன்னொன்று மறக்காதே, டேப்போடு கண்ணுக்குப் போடுகிற தடிமனான கண்ணாடி இரண்டு வாங்கி வை, ஒன்று அவளுக்கு, ஒன்று என் முகத்துக்கு ஆகிறமாதிரி. முதல் துப்பாக்கிக்குக் காற்று ஏற்றும்போது நானும் பட்டறைக்குள் அவள் பக்கத்தில்தான் நிற்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா
ஃபக்ருன்னிசா