கராஜ்னு சொன்னதுக்கா அந்தச் சிரிப்பு?

டெரிக்,

தூங்கிட்டிருக்க, எழுப்ப மனசு வரல. ஓவன்ல ஆட்டுக்கறி அடைச்ச பேஸ்ட்ரி இருக்கு, சுட வச்சுச் சாப்பிடு. பதினோரு மணிக்கு பாய்லர் பாக்க ஆள் வருவார். பின்கதவுச் சாவி டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி.

நேத்து நீ சிரிச்சிருக்க வேண்டாம். எனக்கு ஸ்கேன் முடிஞ்சதும் போன் பண்ணி, "ஆஸ்பத்திரிப் பக்கத்து கராஜ்ல நிக்கிறேன், வா"ன்னேன். எங்க அமெரிக்காவுல, ஓஹியோவுல, அது கார் நிறுத்துற மாடிக் கட்டடம். உங்க இங்கிலாந்துல, இந்த ஹடர்ஸ்ஃபீல்டுல, கராஜ்னா ரிப்பேர் பட்டறை. நீ தெருக்கோடிப் பட்டறையில காத்திருந்த. நான் போன்ல சார்ஜ் தீர்ந்து போய், மூணாவது மாடியில ஒரு மணி நேரம் குளிர்ல நின்னேன். கண்டுபிடிச்சு வந்ததும் நீ கேட்டது, "இருபது வருஷமாச்சு, இன்னும் எங்க இங்கிலீஷ் வரலையா உனக்கு?"

போன வாரம் ஓஹியோவுல இருக்கற என் தங்கச்சி பெவ்கிட்ட போன்ல பேசறப்ப, வாய் தவறி அந்தக் கட்டடத்த உங்க ஊர் மாதிரி "கார் பார்க்"னு சொல்லிட்டேன். "அடியே, நீ இங்கிலாந்துக்காரியாவே ஆயிட்டடி"ன்னு அவளும் சிரிச்சா. அங்கயும் நான் வெளியாள், இங்கயும் வெளியாள். உனக்கு இது தெரியணும்னுதான் எழுதறேன்.

இன்னிக்கு ரெண்டரைக்கு ரிசல்ட் சொல்வாங்க. வேலை முடிஞ்சு நானே பஸ்ல போய்க்கிறேன்.

லோரீன்

பி.கு.: மழை வர்ற மாதிரி இருக்கு. கொடியில துணி கிடக்கு, எடுத்துடு.

இன்னொண்ணு. தனியாப் போய் அதக் கேக்கப் பயமா இருக்கு டெரிக். ரெண்டு மணியிலேருந்து ஆஸ்பத்திரி வாசல்ல உன்னத்தான் தேடிட்டிருப்பேன்.